இடம் மாறிய சூடு

மாதத்தின் முதல் செவ்வாய், காலை ஏழு மணி. தூத்துக்குடியில் செயற்கைக் கை மாட்டியவர்கள் எல்லாரும் கையை மடியில் போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம். எந்த நிறுவனத்தின் கையானாலும் அடியில் ஓடுவது ஒரே பொது மென்பொருள் நிரலகம்தான். அது புதுப்பித்து முடிய மூன்று நிமிடம் ஆகும்.

மரியதாஸின் இரு கைகளிலும் பச்சை விளக்கு வந்தது.

"ஸ்டெல்லா, பிள்ளைய எங்கிட்ட குடு. நீ மருந்த எடு."

எட்டு மாதக் குழந்தை ரூபினாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். விரல்கள் இறுகின. தளர்த்த நினைத்தான்; இன்னும் இறுகின. குழந்தை வீறிட்டது.

"என்னங்க, ஏன் இப்படி அழுதா?"

"கை விடமாட்டேங்கு ஸ்டெல்லா! நான் விடச் சொல்லுதேன், விடமாட்டேங்கு!"

மணிக்கட்டுத் திரையைப் பார்த்தான். வெப்பம் 8. எடை 103. அட பாவிகளா! எட்டுக் கிலோ பிள்ளைக்கு நூற்று மூன்று கிலோவா? துறைமுகப் பளுதூக்கி இயந்திரங்களுக்குப் பத்து வருடம் நிரல் எழுதியவனுக்கு உடனே புரிந்தது. காய்ச்சல் ஏற ஏற, பாரம் கூடுவதாக எண்ணிக் கை நெரிக்கும்.

"சூடும் எடையும் இடம் மாறிட்டு! முழங்கைப் பூட்டக் கழத்து, சீக்கிரம்!"

வலது கை கழன்றது. இடது பூட்டு அசையவில்லை. ரூபினாவின் அழுகை நின்று, உதடு நீலம் பாரித்தது. ஸ்டெல்லா அம்மிக் குழவியால் ஓங்கி அடித்தாள். பூட்டு தெறித்து விரல்கள் துவண்டன. மடியில் விழுந்த குழந்தை மூச்சிழுத்துக் கத்தியது. அந்தச் சத்தத்தில்தான் அவர்களுக்கு உயிர் வந்தது.

நிரலக உதவி மையத்தை ஸ்டெல்லா போனில் பிடித்து, அவன் காதருகே வைத்தாள். அங்கிருந்த பெண் பொறுமையாகப் பேசினாள். "புது நிரலகத்துல சூடு, எடை வர்ற வரிசைய மாத்தியிருக்கோம் சார். மத்த கம்பெனிங்க அதுக்கேத்த மாதிரி அவங்க நிரல மறுபடி தொகுத்துட்டாங்க. உங்க கையச் செஞ்ச கம்பெனியத்தான் மூடிட்டாங்களே. உங்க கைக்குள்ள ஓடுறது அவங்க தொகுத்த பழைய நிரல், அது பழைய வரிசையிலதான் படிக்கும்."

"அப்ப பழசத் திருப்பிப் போடுங்க!"

"போட்டா ஒரு லட்சம் புதுக் கைகள் நின்னுடும் சார். உங்களது மொத்தமே நானூறுதான். எங்க சோதனையில பிழை எதுவும் வரலையே."

ஸ்டெல்லா போனை அணைத்தாள். ரூபினா விம்மிக்கொண்டே அப்பாவிடம் தாவினாள். நெரித்தவன் யாரென்று அவளுக்கு என்ன தெரியும்?

"வலது கைய மாட்டட்டுமா?" என்றாள் ஸ்டெல்லா.

"வேண்டாம்."

வெறும் முழங்கைகளுக்கு நடுவே பிள்ளையை அணைத்தான். இத்தனை மாதமும் அவள் உடம்புச் சூடு அவனுக்குத் திரையில் ஓர் எண். இப்போது தோலைச் சுட்டது. உடைந்து அழுதான்.

"ஏ ஸ்டெல்லா, பிள்ளைக்கு இப்படிக் கொதிக்கே! ஆட்டோவக் கூப்பிடு."

கைகளைத் தரையிலேயே விட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள்.