கடைசியாகப் பிறந்த கதவு

"அய்யோஓஓ...!"

திங்கட்கிழமை காலை. ஆனேக்கல் தொழிற்பேட்டை. தடுப்பூசி மருந்துகளைப் பாதுகாக்கும் குளிர்க்கிடங்கு.

அலறியவர் செக்யூரிட்டி. வெளியிலிருந்து சாவி போட்டுக் கதவை இழுத்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே மைனஸ் இருபது டிகிரி!

கதவுக்குப் பின்னாலேயே சுவரில் சாய்ந்து கிடந்தார் சில்வெஸ்டர். கிடங்கின் தர ஆய்வாளர். மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. வலது கை மட்டும் சுவரிலிருந்த பச்சை பட்டனை நோக்கி நீண்டு, அப்படியே உறைந்திருந்தது.

உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே வருவதற்கான பட்டன்.

எத்தனை முறை அழுத்தினாரோ...

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, தனக்கு எதுவும் தெரியாது என்பதுபோல் எரிந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் பியாட்ரிஸ் வந்ததும் பிணத்தைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். பிறகு குனிந்து, சில்வெஸ்டரின் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். நகத்துக்குள் வெள்ளையாக ஏதோ ஒரு துணுக்கு.

"பிரகாஷ்... எல்லாத்தையும் ஃபோட்டோ எடுங்க. பாடி, பட்டன், லைட்டு..."

கான்ஸ்டபிள் பிரகாஷ் விழித்தார். "லைட்டுமா மேடம்?"

"எரியுதில்ல? எடுங்க."

"ஆய்த்து மேடம்!"

புதன்கிழமை. அதே கிடங்கின் ஆபீஸ் அறை.

மேஜை மேல் ஒரு டைப் அடித்த காகிதம். அதன் ஒரு பக்கம் மேனேஜர் சுந்தரேசன். மறுபக்கம் தாரணி. கதவுகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை எழுதியவள். தினமும் ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள்.

"கையெழுத்துப் போடும்மா. 'என் புரோகிராம் கோடுல தப்பு இருந்துச்சு, அதனால கதவு திறக்கல'. அவ்ளோதான். கவனக்குறைவுன்னு சின்ன கேஸ் போடுவாங்க. கம்பெனி வக்கீல் பாத்துப்பாரு."

"ஜெயிலுக்கு நான் போவேன். பாத்துக்கறது மட்டும் வக்கீலா?"

"பிடிவாதம் பிடிக்காதே தாரணி! போடலன்னா கொலைக்கேஸாயிடும். வேலையும் போயிடும். அப்புறம் இந்த ஊர்ல எந்தக் கம்பெனியும் உன்னைச் சேர்க்காது."

"ஓசூர்ல இட்லிக்கடை போடறேன் சார். இந்தப் பேப்பர் அங்க வடை மடிக்க உதவும்."

சர்ர்ர்...!

காகிதம் இரண்டாகக் கிழிந்தது.

"பரவால்ல..." வாசலில் குரல். "பொட்டலம் சின்னதாப் போச்சே!"

பியாட்ரிஸ். பின்னால் பிரகாஷ்.

சுந்தரேசன் சட்டென்று எழுந்து, கன்னடத்தில் உட்காரச் சொன்னார். "பன்னி மேடம், குத்கொள்ளி..."

"தமிழ்லயே பேசுங்க சார். நான் பொறந்தது நீலசந்திரால, தமிழ்க்காரங்க ஏரியா." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சனிக்கிழமை என்ன நடந்துச்சு? இன்னொரு தரம் சொல்லுங்க."

"சாயங்காலம் எல்லாரும் கிளம்பிட்டாங்க. திங்கட்கிழமை புது வெர்ஷன் போடணும். அதுக்காக நான்தான் சாஃப்ட்வேரை நிறுத்தினேன். சில்வெஸ்டர் உள்ள இருக்கார்னு எனக்குத் தெரியாது. நிறுத்தினா கதவு தானாத் திறக்கணும். அதுதான் டிசைன். அதை நம்பி நான் மல்லேஸ்வரத்துக்கு, வீட்டுக்குக் கிளம்பிட்டேன்."

"நீங்க நிறுத்தும்போது என்னென்ன ஆச்சு?"

"முதல்ல ஹூட்டர் ஒரு தடவை கத்துச்சு. அப்புறம் சிவப்பு லைட்டு அணைஞ்சுது. கடைசியா கதவு திறக்கணும். அது மட்டும் திறக்கல போலிருக்கு. இந்தப் பொண்ணு எழுதின கடைசி வரி... கோளாறு."

தாரணி சிரித்தாள்.

சுந்தரேசனின் முகம் சிவந்தது. "ஒரு ஆள் செத்திருக்கான். உனக்குச் சிரிப்பா?"

"அவர் செத்ததுக்கு அழுது முடிச்சிட்டேன் சார். இது நீங்க சொன்ன கதைக்கு."

பியாட்ரிஸ் அவள் பக்கம் திரும்பினார். "என்ன ஜோக்கு? எனக்கும் சொல்லு. ஆனா மெதுவாச் சொல்லு. கம்ப்யூட்டர்னா எனக்கு அலர்ஜி. மெயில் பாக்கவே இவரைத்தான் கூப்பிடுவேன்."

பிரகாஷுக்கு ஏனோ திடீரென்று இருமல் வந்தது.

"என் புரோகிராம்ல முக்கியமா மூணு ஆப்ஜெக்ட் மேடம். ஹூட்டர், லைட்டு, கதவு. இதுங்களை நான் உருவாக்கறதில்ல. ஃப்ரேம்வொர்க்னு ஒரு ரெடிமேட் புரோகிராம் உருவாக்கும். யாருக்கு யார் வேணும்னு மட்டும் நான் சொல்லுவேன். அது சேத்து வைக்கும்."

"கல்யாண புரோக்கரா?"

"கிட்டத்தட்ட. ஆனா இந்த புரோக்கர் டிவோர்ஸும் பண்ணி வைப்பார்!"

"பலே. மேல சொல்லு."

"ஒரு ஃபங்ஷன் தலை மேல 'போஸ்ட் கன்ஸ்ட்ரக்ட்'னு குறிச்சு வெச்சா, ஆப்ஜெக்ட் பொறந்து தயாரானதும் ஃப்ரேம்வொர்க்கே அதைக் கூப்பிடும். கதவு பூட்டிக்கறது அப்படித்தான். 'ப்ரீ டெஸ்ட்ராய்'னு குறிச்சா, சாகறதுக்கு முன்னாடி கூப்பிடும். கதவு பூட்டைத் திறந்து விட்டுட்டுத்தான் சாகும்."

"அதான் திறக்கலையே!" சுந்தரேசன் மேஜையைத் தட்டினார்.

"இருங்க சார். கதவுக்கு லைட்டு வேணும். லைட்டுக்கு ஹூட்டர் வேணும். அதனால பொறக்கும்போது ஹூட்டர் முதல்ல, அடுத்து லைட்டு, கடைசியா கதவு. சாகும்போது அப்படியே தலைகீழ்! கடைசியாப் பொறந்த கதவுதான் முதல்ல போகும். அப்புறம் லைட்டு. ஹூட்டர் கடைசி." தாரணியின் விரல் சுந்தரேசனை நோக்கி நீண்டது. "நீங்க சொன்னது காலைல ஸ்டார்ட் ஆகற வரிசை. தினமும் காதுல விழுதில்ல... அதையே ஒப்பிச்சிட்டீங்க. சனிக்கிழமை நீங்க எதையும் கேக்கவே இல்ல!"



சுந்தரேசன் கர்ச்சீப்பை எடுத்தார். "டென்ஷன்ல முன்னே பின்னே சொல்லிருப்பேன் மேடம். அதுக்காக என்னைக் கொலைகாரன்னு சொல்றதா? இவ கோடு ஓட்டை. அதான் உண்மை."

"ஓட்டையா?" தாரணி எழுந்தாள். "வாங்க. நான் உள்ள போறேன். பூட்டுங்க. சனிக்கிழமை எப்படி நிறுத்தினீங்களோ, உங்க கையாலயே அப்படி நிறுத்துங்க. என் கோடு தப்புன்னா நான் உள்ளயே கிடக்கறேன்!"

"மேடம், இவளுக்குப் பைத்தியம்..."

"நல்ல ஐடியாவா இருக்கே!" என்றார் பியாட்ரிஸ். "பிரகாஷ், கிடங்கு சாவி உங்ககிட்ட இருக்கில்ல? வெச்சுக்கோங்க. தாரணி, ஜாக்கெட் போட்டுக்கோ."

"சில்வெஸ்டர் சார் போடலையே மேடம்."

"அதனாலதான் சொல்றேன். போடு."

கிடங்கு. சிவப்பு விளக்கு. மறுபடி ஓட்டிய மென்பொருள் பூட்டிய கதவு. உள்ளே தாரணி.

வெளியே கம்ப்யூட்டர் முன்னால் சுந்தரேசன்.

அவர் விரல்கள் கீபோர்டு மேல் தயங்கின. ஒழுங்காக நிறுத்தினால் கதவு திறக்கும். அவள் ஜெயிப்பாள். திறக்காவிட்டால்... அவள் கோடு தப்பு. வழக்கு முடிந்தது.

ஓரக்கண்ணால் பார்த்தார். பியாட்ரிஸ் திரையை வெறித்தபடி பேப்பர் கப்பில் டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். கதா காலட்சேபம் கேட்கிறவர் மாதிரி ஒரு முகம்.

டக டக டக. என்ட்டர்!

கதவு திறக்கவில்லை.

இரண்டு நிமிடம்... ஐந்து...

உள்ளிருந்து தட்டும் சத்தம். தொம்! தொம்!

"பாத்தீங்களா மேடம்!" சுந்தரேசனின் குரலில் வெற்றி. "சாஃப்ட்வேர் நின்னுடுச்சு. கதவு திறக்கல. நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். பிரகாஷ், அந்தப் பொண்ணை வெளில விடுங்க."

சாவி திரும்பியது. தாரணி வந்தாள். உதடு நீலம். பற்கள் தந்தியடித்தன. ஆனால் கண்ணில் துளி பயமில்லை.

"மே... மேடம்... பச்சை பட்டனை அழுத்தினேன். அதுவும் சாஃப்ட்வேர் வழியாத்தான்... வேலை செய்யல. ஒழுங்கா நிறுத்தியிருந்தா..."

"நீ டீ குடி. நான் பேசறேன்." தன் கப்பை அவள் கையில் திணித்துவிட்டு பியாட்ரிஸ் திரும்பினார். "சுந்தரேசன் சார், சனிக்கிழமை ஹூட்டர் கத்துச்சுன்னு சொன்னீங்க. இன்னிக்கு ஏன் ஊமையாயிடுச்சு?"

"அ... அது..."

"லைட்டு அணைஞ்சுதுன்னு சொன்னீங்க. மேல பாருங்க."

சுந்தரேசன் பார்த்தார்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது!

"திங்கட்கிழமை நாங்க வந்தப்பவும் இதே மாதிரிதான் எரிஞ்சுது. ஃபோட்டோ இருக்கு. கதவு கோடுல மட்டும் தப்புன்னா, லைட்டும் ஹூட்டரும் தன் வேலையைச் செஞ்சிருக்கணுமே? மூணுமே அப்படியே நிக்குதுன்னா, ஃப்ரேம்வொர்க்கை யாரோ அதுங்களைக் கூப்பிடவே விடலன்னு அர்த்தம். இப்ப நீங்க அடிச்சது ஸ்டாப் கமாண்டு இல்ல சார். கில் மைனஸ் நைன்... சாஃப்ட்வேரை அந்த நொடியே கொல்ற கமாண்டு!"

சுந்தரேசனின் கையிலிருந்து கர்ச்சீப் விழுந்தது.

"ப்ரீ டெஸ்ட்ராய்ங்கறது, போகப்போறவனுக்குக் கடைசியா ஒரு வேலை செய்ய டைம் குடுக்கறது. கில் மைனஸ் நைன் அந்த டைமைக் குடுக்காது. கதவுக்கும் குடுக்கல. சில்வெஸ்டருக்கும் குடுக்கல."

"எ... எனக்கும் சில்வெஸ்டருக்கும் என்ன பகை?"

"அவர் நகத்துல ஒரு ஸ்டிக்கர் துணுக்கு. உள்ள இருக்கற பெட்டிகளை நேத்து பிரிச்சுப் பாத்தோம். காலாவதியான தடுப்பூசி மேல புதுத் தேதி! குழந்தைங்களுக்குப் போடற ஊசி சார் அது. அவர் சுரண்டிப் பாத்துட்டார். உங்ககிட்ட வந்து கேட்டார். சனிக்கிழமை அவர் மறுபடி உள்ள போனதும் கில் அடிச்சிட்டீங்க. அதானே?"

சுந்தரேசன் வாசலைப் பார்த்தார்.

வாசலில் பிரகாஷ், கையில் விலங்கோடு நின்றார். "எல்லிகே சார், எங்க கிளம்பிட்டீங்க? ஸொல்ப இருங்க."

க்ளிக்!

பியாட்ரிஸ் கீபோர்டை இழுத்துக்கொண்டார். மெயில் பார்க்கத் தெரியாத விரல்கள் அதன் மேல் பறந்தன. மென்பொருள் மறுபடி உயிர்பெற்றது. ஹூட்டர் கத்தியது. விளக்கு ஒளிர்ந்தது. கதவு பூட்டிக்கொண்டது.

"இப்ப ஒழுங்கா நிறுத்தறேன்."

டக்! கதவு திறந்தது.

விளக்கு அணைந்தது.

கடைசியாக ஹூட்டர் ஒருமுறை கத்தி அடங்கியது.

தாரணி டீக் கப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். அன்று அதுவரை வராத கண்ணீர் இப்போது வந்தது. "திறந்துச்சு..." என்றாள் மெதுவாக. "நான் சொன்னேனில்ல மேடம்... திறக்கும்னு..."

சுந்தரேசன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க... உங்களுக்கு எப்படி இதெல்லாம்...?"

"போலீஸுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒயிட்ஃபீல்டுல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில நாலு வருஷம் ஜாவா எழுதினேன் சார்."

"அ... அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?"

பியாட்ரிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அங்கயும் உங்களை மாதிரி ஒரு மேனேஜர் இருந்தார். அவரை அரெஸ்ட் பண்ண எனக்கு பர்மிஷன் இல்லைன்னு சொல்லிட்டாங்க!"