நாற்பத்தெட்டாவது மரம்

காலை எட்டு மணிக்கு ஆர்னே தன் வண்டியைக் கரையில் நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். இருக்கைப் பட்டையை அவிழ்த்துவிட்டான். ஏரியின் மேல் வண்டி ஓட்டுகிற எல்லாரும் செய்வது அது. பனிக்கட்டி கைவிட்டால் வெளியே பாய ஒரு நொடிதான் கிடைக்கும்.

தீவிலிருந்து அக்கரைக்கு மூன்று மைல். ஜனவரியில் படகு நின்றதும் உறைந்த ஏரிதான் சாலை. பண்டிகை முடிந்தவுடன் தீவின் ஒவ்வொரு வீடும் தன் கிறிஸ்துமஸ் மரத்தைப் பாதைக்காரனிடம் கொடுத்துவிடும். அவன் பனிக்கட்டியில் துளை போட்டு, மரத்தை நட்டு, தண்ணீர் ஊற்றி உறையவிடுவான். பனி கண்ணை மறைக்கும் நாட்களில் மரத்துக்கு மரம் பார்த்துத்தான் வீடு சேர வேண்டும். உச்சியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் கம்பளிநூல். ஆர்னே வீட்டு மரம் பன்னிரண்டாவது. சிவப்பு நூலில் இரட்டை முடிச்சு, அவன் மனைவி மாரித் போட்டது. சாவு விழுந்த வீடு மட்டும் அந்தக் குளிர்காலம் மரம் தராது.

இந்த முறை நாற்பத்தேழு மரங்கள். இந்த ஆண்டு பாதைக்காரன் ஆர்னேதான்; தினமும் எண்ணுவது அவனது முதல் வேலை.

அன்று நாற்பத்தெட்டு வந்தது.

முப்பதாவதுக்கும் முப்பத்தொன்றாவதுக்கும் நடுவே, வரிசையை விட்டு நாற்பது தப்படி வடக்கே தள்ளி நின்றது அந்த மரம். மற்ற மரங்கள் காய்ந்து பழுப்பேறியிருந்தன. இது நேற்று வெட்டியதுபோல் பச்சையாக மணந்தது. உச்சியில் நீல நூல். இரவு பெய்த பனியில் சுற்றிலும் ஒரு காலடி இல்லை.

நீல நூல் ஹால்வர் வீட்டு நூல். போன ஆண்டுவரை ஹால்வர்தான் பாதைக்காரர். மார்ச் மாதம் இதே வடக்குப் பக்கத்தில், அடியில் நீரோட்டம் அரித்துப் பனிக்கட்டி மெலிந்த இடத்தில், வண்டியோடு உள்ளே போனார். உடல் கிடைக்கவில்லை.

மாரித் இன்று மாலை வருகிறாள். அக்கரை மருத்துவமனையில் பிறந்த மகளோடு, ஒன்பது நாள் கழித்து. வானிலை அறிக்கை மூன்று மணிக்கு மேல் பனிப்புயல் என்றது. புயலில் மரத்தைப் பார்த்து வருகிறவளை இந்த ஒரு மரம் நேராக மெலிந்த கட்டிக்குத் திருப்பிவிடும்.

யார் வேலை என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஹால்வரின் மகன் நீல்ஸ், அப்பாவின் வேலை தனக்கு வரும் என்று காத்திருந்தவன்.

பெட்ரோல் நிலையத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த நீல்ஸ் அவனைப் பார்த்துச் சிரித்தான். "வாங்க பாதைக்காரரே. பாதை தொலைஞ்சு போச்சா?"

ஆர்னே மரத்தைப் பற்றிச் சொன்னான். நூலின் நிறத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க வீட்டுல இந்த வருஷம் மரமே வெக்கல. அம்மா அந்த நூலுருண்டையை அடுப்புல போட்டுட்டாங்க," என்றான் நீல்ஸ். பிறகு, குரலைத் தாழ்த்தி, "என் மேல பழி போடணும்னா வேற ஏதாச்சும் சொல்லு. செத்தவரை இழுக்காத."

ஆர்னே நம்பவில்லை. நீல்ஸின் கைகளைப் பார்த்தான். பிசின் கறை எதுவும் இல்லை. அதையும் நம்பவில்லை.

திரும்பிப் போய் மரத்தில் நீளச் சங்கிலி கட்டி, பாதையிலேயே நிறுத்திய வண்டியால் இழுத்தான். எளிதில் வரவில்லை. ஏரி முதன்முதலாக உறைந்த நாளிலிருந்தே அங்கே நின்றதுபோல், கட்டியின் அடிவரை இறங்கியிருந்தது. பிடுங்கியபோது துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் பொங்கியது. அடிமரத்தில் இரும்புத்துரு வாடை.

முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையே நேர்ப்பாதையில் நான்கு இடத்தில் துளையிட்டு அளந்தான். ஒன்றரை அடி கனம். இரண்டு நாள் அடித்த வெதுவெதுப்பான தெற்குக் காற்றையும் தாங்கியிருக்கிறது. மரத்தை வண்டியின் பின்தட்டில் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தான்.

மூன்றரைக்கு மாரித் அக்கரையிலிருந்து அழைத்தாள். இங்கே இப்போதே தொடங்கிவிட்டது, கிளம்பட்டுமா, இரவு தங்கட்டுமா என்று கேட்டாள். குழந்தைக்கு இருப்பது ஒரே ஒரு படுக்கைதான், அது நம் வீட்டில் இருக்கிறது என்றும் அவளே சொன்னாள்.

"மெதுவா வா. மரத்தை எண்ணிக்கிட்டே வா," என்றான் ஆர்னே. "நாற்பத்தேழு."

பத்து நிமிடத்தில் ஏரி மறைந்தது. பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் ஓடியது. வெகுநேரம் கழித்து, தூரத்தில், மங்கலாக, இரண்டு விளக்குகள்.

நேராக வந்தன.

பிறகு வடக்கே திரும்பின.

கரையில் வண்டிக்குள் இருந்த ஆர்னே ஹாரனை அழுத்தினான். காற்று அதை விழுங்கிவிட்டது. ஏரிக்கு அடியில் எங்கோ நீளமாக ஒரு முனகல், கட்டி நகரும் ஓசை.

விளக்குகள் அணைந்தன.

அவன் பனிக்குள் ஓடினான். எத்தனை மரங்களைத் தாண்டினான் என்று தெரியாது. எதிரே வெளிச்சம் மீண்டும் முளைத்தபோது கைகளை வீசிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றான்.

மாரித் கதவைத் திறந்து அவனை ஏற்றிக்கொண்டாள். பின்னால் கூடையில் குழந்தை தூங்கியது.

"நாற்பத்தெட்டு இருந்துச்சு ஆர்னே. நீ தப்பா எண்ணியிருக்க."

அவன் திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தான்; அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள்.

"அந்த வளைவுல ஒருத்தரை நிறுத்தி வெச்சியே, அது நல்லதாப் போச்சு. அவர் கை காட்டலேன்னா நேரா போயிருப்பேன். விளக்கை அணைக்கச் சொன்னார், அணைச்சேன். பாவம், தொப்பலா நனைஞ்சிருந்தார். இந்தக் குளிர்ல எப்படி நனைஞ்சார்?"

"வேற என்ன பேசினார்?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். வீட்டுல இப்ப எத்தனை பேருன்னு." அவள் கண்ணாடியைத் துடைத்தாள். "மூணுன்னு சொன்னேன்."

கரையில் நின்ற அவன் வண்டியின் பின்தட்டில் கட்டின கயிறு அவிழாமல் இருந்தது. உள்ளே மரம் இல்லை. ஒரு குட்டை தண்ணீர், இன்னும் உறையாமல்.



விடிந்ததும் கதவைத் திறந்தவன் படியில் எதையோ மிதித்தான்.

கிறிஸ்துமஸ் மரம். ஏரித் தண்ணீர் சொட்டியது. உச்சியில் சிவப்பு நூல், இரட்டை முடிச்சு.

முற்றத்துப் பனியில் ஒரு காலடியும் இல்லை.

அவன் அதை வண்டியில் எறிந்துகொண்டு ஏரிக்கு ஓட்டினான். முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே, தான் அளந்து பார்த்த அதே இடத்தில், நேர்ப்பாதை இரண்டு வண்டி அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் கறுப்பாக அசைந்தது. நாற்பது தப்படி வடக்கே நீல நூல் மரம் பச்சையாக நின்றது. அதை ஒட்டி மாரித்தின் சக்கரத் தடம்.

எல்லாவற்றையும் எண்ணினான். நாற்பத்தேழு.

பன்னிரண்டாவது இடத்துக்குத் திரும்பி வந்து, சிவப்பு நூல் மரத்தை மறுபடி நட அதன் துளையைத் தேடினான். பனியைக் கையால் விலக்கினான். மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, விரல்களால் தடவித் தேடினான்.

துளை இல்லை. தழும்புகூட இல்லை. கட்டி கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது, சாவு விழுந்த வீட்டைப்போல் இந்தக் குளிர்காலம் அவன் வீட்டிலிருந்தும் மரமே வராததுபோல்.