பால்குடிப் பிள்ளைகள்

தாயின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டிய குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன.

புத்தர் பெருநாளான வெசாக் போயாவின் இரண்டாம் நாள், பட்டப்பகல். வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்கு இப்பால் இருக்கும் அந்த பிளாட்டின் நடு அறையில், ஷிஹாரா நான்கு மாதப் பிள்ளை நிம்றாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே அவள் கணவன் நப்ரீஸின் மீன் தொட்டி. டிஸ்கஸ் மீன் தன் தோலில் ஊறும் வழுவழுப்பையே குஞ்சுகளுக்கு ஊட்டி வளர்க்கும் என்று கல்யாணமான நாளிலிருந்து பாடம் எடுத்து அவள் காதைப் புளிக்கச் செய்தவன் அவன். தட்டுப் போல் வட்டமான தாய் மீனின் இரு பக்கமும் குஞ்சுகள் மொய்த்துக் கொத்திக்கொண்டே இருக்கும். இன்றோ தாய் மூலையில் தனியே நின்றது; தந்தை மீனைக் காணோம். எள்ளை விடச் சற்றே பெரிய குஞ்சுகள், இருநூறு இருக்கும், அவள் பக்கக் கண்ணாடியில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. காற்று மோட்டாரின் முனகல், ஈரப் பாசியின் வாடை, திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வந்த கடற்காற்றின் உப்பு, எல்லாம் வழக்கம் போலத்தான். ஆனால் அவள் பிள்ளையை மாற்றிப் போட்டு இடப்பக்கம் திரும்பியதும், அந்த இருநூறும் இடப்பக்கம் நகர்ந்தன.

"இங்க வாங்களேன். ஒங்கட மீன் குஞ்சு என்னையே பாத்துக்கிட்டு ஈக்குது."

நப்ரீஸ் குசினி அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான். "அழகா ஈக்கிற ஆள பாக்கும் தானே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நிம்றாவைத் தொட்டிக்குக் கீழே விரித்த பாயில் கிடத்திவிட்டு, தண்ணீர் குடிக்கப் பிரிஜைத் திறந்தாள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவதற்காக அவள் பீய்ச்சி வைத்திருந்த பால் போத்தல்கள் ஐந்தும் உள்ளே இல்லை; கழுவிப் பிரிஜின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"எங்க பால்?"

நப்ரீஸ் தலையைச் சொறிந்தான். "வெசாக்குக்கு இறைச்சிக் கடையெல்லாம் ரெண்டு நாள் பூட்டு. மீனுக்கு அரைச்சுப் போடுற மாட்டு இதயம் முடிஞ்சி. தீனி இல்லாம தாய்க்கு தோல் காஞ்சி போச்சி. குஞ்சு சாகப் பாத்திச்சி. முட்ட மஞ்சக் கருவோட ஒங்கட பால கலந்து தொட்டிச் சுவர்ல பூசினன். நல்லா குடிச்சிச்சி."

"எத்தன தரம்?"

"அஞ்சு."

ஷிஹாரா கண்ணாடியில் ஒட்டிய குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். மார்க்கப்படி ஒருத்தியின் பாலை ஐந்து தரம் வயிறாரக் குடித்தால் அது பெற்ற பிள்ளை முறை; தன் பிள்ளைக்கு உடன்பிறப்பு. பக்கத்து பிளாட் ருக்கியாவின் பிள்ளை பசியில் அழுதபோது கூட இந்த முறையை நினைத்துத்தான் அவள் மார்பில் போட மறுத்தாள்.

"அஞ்சு தரம் குடுத்தா பிள்ளயெண்டு தெரியாதா ஒங்களுக்கு?"

"மீனுக்கு என்ன முறை? பயித்தியமா?"

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தந்தை மீனைத் தேடித் தொட்டிக்குள் கையை விட்டான். பில்டருக்குப் பின்னால் கிடந்ததைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக் காட்டினான். சீப்புப் போல வெறும் முள். அதில் கண் மட்டும் இன்னும் உருண்டது.

அப்போதுதான் குஞ்சுகள் கண்ணாடியை விட்டன.

முதலில் "ஸ்" என்றான், சூடு பட்டவன் போல. பிறகு அலறினான். தண்ணீர் சிவந்தது. கையை இழுத்தான், வரவில்லை. ஷிஹாரா அவன் இடுப்பைக் கட்டி இழுத்தாள். வந்தது. முழங்கைக்குக் கீழே தோல் இல்லை. சதை இல்லை. விரல் எலும்புகள் ஒன்றிலொன்று தட்டின. எலும்போடு ஒட்டி வந்த குஞ்சுகள் அவன் கழுத்துக்கு ஏறின. அவன் தொட்டியின் மேலேயே கவிழ்ந்தான். முகம் தண்ணீருக்குள். தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். மயிர் தோலோடு அவள் கைக்கு வந்தது. குமிழிகள். பிறகு குமிழிகளும் இல்லை.

பாயில் நிம்றா வீரிட்டு அழுதாள்.

அந்த அழுகைக்கு ஷிஹாராவின் மார்பில் பால் இறங்கியது. சட்டை நனைந்தது. தன் உடம்பின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

குஞ்சுகள் நப்ரீஸை விட்டன. கண்ணாடிக்கு வந்தன. முட்டின. மறுபடி முட்டின. அடிமூலையில் கீறல் விழுந்தது. கீறல் நீண்டது. உடைந்தால் அத்தனையும் நிம்றாவின் மேல்தான் கொட்டும். எட்டிப் பிள்ளையைத் தூக்க நேரமில்லை.

ஷிஹாரா வலது கையைத் தோள்வரை தொட்டிக்குள் விட்டாள்.

முட்டல் நின்றது. அவை வந்தன. முதலில் கூச்சம். பிறகு நெருப்பு. உதடு கிழியக் கடித்துக்கொண்டு, இடது கையால் கீழே துழாவி, நிம்றாவை உடுப்போடு பற்றித் தூக்கி மார்போடு அணைத்தாள்.

"என்ட பிள்ள தப்பிட்டு," என்று சத்தமாகவே சொன்னாள். "அல்லாஹ், என்ட பிள்ள தப்பிட்டு."

வலது கை தொட்டிக்குள்ளேயே கிடக்க, இடப்பக்கம் நிம்றா கொஞ்சம் குடித்தாள். பிறகு மார்பை விட்டாள். தலையைத் திருப்பித் தாயின் தோளை மோந்தாள். பல் முளைக்காத வாயால், தொட்டிக் குஞ்சுகளைப் போலவே, தோலைக் கொத்தினாள். சிறு கொத்து. இன்னொன்று. தோல் உரிந்தது.

ரத்தம் வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.