மாற்றுக் கன்று

மாற்று வரிசையில் மூன்று குழிகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

தோட்டக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எண்ணினார். இறந்தவர்கள் நினைவாக உறவினர்கள் நட்ட மரங்கள் அந்தத் தோப்பில் இருநூற்றுக்கு மேல். பார்த்துக்கொள்வது அவர் ஒருவர். கன்று ஏதாவது பட்டுப்போனால், வருகிறவர்கள் மனம் உடையக் கூடாதே என்று, பின்பக்க மாற்று வரிசையிலிருந்து அதே உயரத்தில் ஒன்றைப் பெயர்த்து அங்கே வைத்து, பழைய பெயர்த் தகட்டையே கட்டிவிடுவார். பட்டது குப்பைமேட்டுக்குப் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் அவர்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு லேசான மனதோடு போகிறார்களே, அதில் என்ன பாவம்?

மூன்று முறை செய்திருந்தார். முதலில் டீச்சரம்மாவுடைய கணவரின் மரம். பிறகு டிரைவருடைய தம்பியின் மரம். இன்று காலை, சொல்லவே நாக்கு கூசுகிறது, தன் மனைவியின் மரம். மதியம் மகள் வந்து அந்தப் புதுக் கன்றைக் கட்டிக்கொண்டு, "அம்மா வாசனை வருதுப்பா" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூடியிருந்த இரண்டு குழிகளிலும் இப்போது கன்றுகள் நின்றன. அவர் எறிந்த அதே பட்ட கன்றுகள். மண்வெட்டி பட்ட தழும்புகூட அப்படியே இருக்க, இலைகள் மட்டும் பச்சைப்பசேலென்று துளிர்த்து, நெடுநாள் பூட்டிய அறையைத் திறந்தால் வருமே, அந்த வாடையை விட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தகடு. கையெழுத்து அவருடையது. அவர் எழுதவில்லை. ஒன்றில் டீச்சரம்மாவின் பெயர், மற்றதில் டிரைவரின் பெயர். செத்தவர்கள் பெயரல்ல. கட்டிப்பிடித்து அழுதவர்கள் பெயர்.

டீச்சரம்மா வீட்டுக்குப் போன் போட்டார். மகன் எடுத்தார்.

"அம்மா போயிட்டாங்க ஐயா. தோப்புக்கு வந்துட்டுப் போன அன்னிக்கே. நின்னபடியே. படுக்க வைக்கக்கூட முடியல."

டிரைவருக்குப் போடவில்லை. கை தானாக மகளின் எண்ணை அழுத்தியது.

"நல்லாருக்கியாடா?"

"கால்தான் அசையவே மாட்டேங்குதுப்பா. சமையல்கட்டுல நின்ன இடத்துலயே நிக்கிறேன்."

மூன்றாவது குழியில் மண் அசைந்தது. ஒரு நுனி எட்டிப் பார்த்தது. போனைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி அமுக்கினார்.

"அப்பா... மூச்சு..."

கையை எடுத்தார். அவளுக்கு மூச்சு வந்தது. நுனி ஒரு சாண் உயர்ந்தது.

"இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சுப்பா. சீக்கிரம் வாங்கப்பா."

வீடு ஒரு மணி நேரத் தொலைவு. கன்று அவர் முழங்காலைத் தாண்டியிருந்தது. கீழே கிடந்த குழாய்த் தண்ணீர் குழிக்குள் ஓடுவதை அப்போதுதான் பார்த்தார். பாய்ந்து போய்க் குழாயை அடைத்தார்.

இலைகள் தொங்கின.

"தாகம்... தாங்க முடியலப்பா... தண்ணி..."

"இருடா. இருடா தங்கம்."

குழாயைத் திறந்தார்.

வேரில் ஊற்றினார். கன்று அவர் மார்பளவு வந்தது. முதல் கிளையில் தகடு ஆடியது. 'சின்னு.' மகளை வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயர்.

"போதுமாடா?"

போனில் இலைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.