படியேறினால் ஆயுள் கூடும்

ஆபீஸ் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிய பலகையில் இருந்த பச்சை மனிதன் நின்றுவிட்டிருந்தான்.

காலையில் முழங்கை மடக்கி உற்சாகமாகப் படியேறிக்கொண்டிருந்த படம். 'படியேறினால் ஆயுள் கூடும்' என்று கீழே கொட்டை எழுத்து. இப்போது அவன் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தான்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். எவனோ விளையாடுகிறான், அதுவும் இந்த இடத்தில். டைப்பிஸ்ட் அக்கா சுருண்டு விழுந்து செத்தது இதே திருப்பத்தில்தான். "மூச்சு வாங்குது சார், லிஃப்ட்டைத் திறந்து விடுங்க" என்று அக்கா மேனேஜரிடம் கெஞ்சியபோது, டெலிபோன் ஆபரேட்டரான அவள் பக்கத்தில்தான் இருந்தாள். "அதுக்குத்தாம்மா ஏறச் சொல்றேன், உடம்பு இளைக்கும்" என்று சிரித்தார் அவர். ஊழியர் நலத் திட்டமாம். லிஃப்ட்டுக்குப் பூட்டு, சாவி அவர் சட்டைப்பையில், அவர் மட்டும் அதில் போய்வருவார். அக்காவைத் தூக்கிக்கொண்டு போன மறுநாளே, அதே சுவரில் இந்தப் பலகையை மாட்டவும் அவருக்கு மனசு வந்தது.

வீட்டுக்குக் கிளம்பியவள் திரும்பி மேலே ஏறினாள். மாடியில் எல்லோரும் போயிருந்தார்கள். மேனேஜர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அக்கா செத்த இடத்துல இருக்கற போர்டைக் கழட்டுங்க."

"நாலு பேர் நல்லா இருக்கணும்னு வெச்சது. உனக்கு ஏன் வயிறு எரியுது?"

"நீங்க ஒரு நாள் ஏறிப் பாருங்க சார். ஒரே ஒரு நாள்."

அவர் லிஃப்ட்டில் சாவியைத் திருப்பினார். திறக்கவில்லை. கதவை ஓர் உதை விட்டு, முணுமுணுத்துக்கொண்டே படிக்கட்டில் இறங்கிப் போனார்.

அவரோடு சேர்ந்து இறங்கப் பிடிக்காமல் அவள் படிக்கட்டுக் கதவருகே நின்றாள். பினாயில் வாடையும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் கலந்து மூக்கில் ஏற, பூட்ஸ் சத்தம் சுற்றிச் சுற்றிக் கீழே கீழே போய்த் தேய்ந்து, அடியில் எங்கோ சட்டென்று நின்று, பிறகு நிதானமாக மேலேறி வரத் தொடங்கியது.

எதையோ மறந்துவிட்டார் போலும் என்று நினைத்தாள்.

வியர்த்து ஒழுக அவர் திருப்பத்தில் தெரிந்தார். "கால் நிக்க மாட்டேங்குதும்மா. பிடி."

ஒரு கணம் அவள் கை நீட்டவில்லை. வேண்டுமென்றேதான் நீட்டவில்லை. அடுத்த கணம் பாய்ந்து சட்டையைப் பிடித்தாள். துணி கிழிந்து கையோடு வந்தது. அவர் மேலே ஏறிப் போனார். மேல்மாடி. மொட்டைமாடிக் கதவு. அதற்கு மேல் படியே கிடையாது. சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பிறகு அதே பூட்ஸ் சத்தம் கீழேயிருந்து கேட்டது.

"சார்!" என்று கத்தினாள்.

அவரேதான். உதடு நீலம் பாரித்திருந்தது. "தண்ணி..."

இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். அவளையும் இழுத்துக்கொண்டு ஏறினார். அந்த வலு அவருடையதல்ல. பிடி நழுவியது. விழுந்தாள்.

மறுபடியும் கீழே பூட்ஸ்.

இந்த முறை மூச்சுச் சத்தம் இல்லை.

எழ முடியவில்லை. ஓட முடியவில்லை. பார்த்தாள்.

வாய் பிளந்திருந்தது. தலை தோளில் தொங்கியது. திறந்த கண்ணின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. இமை அசையவில்லை.

முழங்கால் மட்டும் மடங்கியது. அந்த உடம்பு அடுத்த படியில் காலை வைத்தது.