சார்ஜ் இறங்காத போன்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த அடுத்த பெரிய நிகழ்ச்சி, தவ்ஃபீக் தன் சைக்கிளின் பின்சக்கரத்தில் டைனமோ மாட்டியதுதான். இதைச் சொன்னது தவ்ஃபீக், தன்னுடைய சேனலில். ராயபுரத்திலிருந்து கொல்கத்தா வரை தனியாக மிதிப்பான். போன், வாட்ச், விளக்கு எல்லாம் அவன் கால் பலத்திலேயே உயிர்வாழும். வழியில் எந்த பிளக்கையும் தொடமாட்டான். காலையில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். சாயங்காலம் அவன் அத்திப்பட்டில் இருந்தான். லோக்கல் ரயிலில் வந்தால் உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்கிவிடக்கூடிய ஊர்.

டைனமோமேல் தப்பில்லை. சக்கரம் வேகமாக ஓடினால்தான் அது கரண்ட் தரும். திருவொற்றியூர் தாண்டியதிலிருந்து கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒட்டி நின்றதால், இடுக்குகளில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தான். நாள் முழுக்க வீடியோ எடுத்த போன் சாகக் கிடந்தது. பவர் பேங்கில் மிச்சமிருந்ததைப் பையிலிருந்த பழைய போன் ஒன்று குடித்துக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

போன் அணையக் கூடாது. அவன் எங்கே இருக்கிறான், சார்ஜ் எவ்வளவு இருக்கிறது இரண்டும் தன் போனில் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையில்தான் மனைவி மரியம் அவனை விட்டாள். "அணைஞ்சுதுன்னு வையி, என் தம்பி அத்னான் லோடு ஆட்டோவோட வருவான். உன்னையும் சைக்கிளையும் ஒண்ணா ஏத்திகினு வந்துடுவான்." முதல் நாளே லோடு ஆட்டோவில் வீடு திரும்புவதைவிடச் சாவதே மேல் என்று தவ்ஃபீக் நினைத்தான். அப்போது அப்படித்தான் நினைத்தான்.

டீக்கடை தாயம்மா அவன் சைக்கிளில் தொங்கிய ஒயர்களைப் பார்த்தாள். "இன்னா நைனா, சீரியல் செட்டு போட எங்கனா போறியா?"

"கொல்கத்தாம்மா."

"நல்லா போன. போன் செத்துக் கீதே. உள்ள பிளக் கீது, சொருவிக்கோ."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "வேணாம்மா. இது தற்சார்புப் பயணம்."

"இன்னாது?"

"யார்கிட்டயும் எதுவும் வாங்க மாட்டேன்."

"அப்போ டீக்குத் துட்டு குட்த்துட்டுப் போ," என்றாள்.

மழை பிடித்துக்கொண்டபோது கடையைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தான். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகள் வரிசையாக நின்றன. முதல் வீட்டுக்குக் கதவில்லை. ஆளில்லாத வீடுதான் என்றாலும் பழக்கத்தில் ஷூவை வாசலில் கழற்றி வைத்தான். உள்ளே, கணுக்கால் புதைகிற அளவுக்கு மாவைப் போன்ற சாம்பல். தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாடை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை கொட்டுகிற ஓசைக்கு அடியில், தூரத்தில் அனல் மின் நிலையத்திலிருந்து வரும், காதில் விழுகிறதா எலும்பில் விழுகிறதா என்று தெரியாத ஓயாத முனகல். ஊருக்கெல்லாம் கரண்ட் தருகிற இடத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ஒயர்கூட இல்லை. சுவர் மாடத்தில் ஒரு டார்ச், ஒரு ரேடியோ, ஒரு பட்டன் போன். மூன்றும் சாம்பல் மூடிக் கிடந்தன.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பெடலைக் கையால் சுற்றினால் பின்சக்கரம் சுழலும், டைனமோ உறுமும், போன் ஏறும். ஒயரைப் போனில் சொருகி, அதை எதிர்ச் சுவரில் சாய்த்து, லைவ் போட்டான். ஒருவர் பார்ப்பதாகக் காட்டியது. "அன்பான பார்வையாளர்களே," என்று பன்மையில் ஆரம்பித்து, சூரியனைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் பேசிக்கொண்டே சுற்றினான். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தபோது கையை எடுத்தான்.

ஏதோ ஒரு சத்தம் குறைந்தது.

எது என்று பிடிபட நேரமானது. பெடலை விட்ட பிறகு சக்கரம் தன்பாட்டுக்கு ஓடினால் டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம் வரும். சைக்கிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். அது வரவில்லை. டைனமோ உறுமிக்கொண்டிருந்தது. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் தானாக ஓடும், அதில் அதிசயமில்லை.

பெடலும் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் அவனுக்கு வந்தது பயமல்ல, பெருமை. தன் கண்டுபிடிப்பு தான் நினைத்ததைவிடப் பெரியது என்றுதான் தோன்றியது. கேமராவைப் பார்த்துச் சிரித்தான். போன் பாதி ஏறியிருந்தது. பிறகு மாடத்தில் டார்ச் எரிந்தது. சாம்பலுக்குள்ளிருந்து ரேடியோ இரைய ஆரம்பித்தது. பட்டன் போனின் சின்னத் திரை பச்சையாக விழித்தது.

எதற்கும் ஒயர் இல்லை.

பெடலுக்கு முன்னால் சாம்பலில் இரண்டு பள்ளங்கள். முட்டிபோட்டு உட்கார்ந்தால் விழுகிற பள்ளங்கள். அவனுடையவை இந்தப் பக்கம் இருந்தன. இவை இரண்டும் அந்தப் பக்கம் இருந்தன. பெடல் ஒவ்வொரு சுற்று மேலே வரும்போதும் அவை கொஞ்சம் ஆழமாயின.

மூச்சு வாங்கும் சத்தம். அவனுடையதல்ல.

"போதும்பா," என்றது காதோரம், ரொம்ப நாள் பேசாத தொண்டை. "கை நோவுது. மாத்திவுடு."

நிறுத்தினால் போதும் என்றுதான் அவன் பெடலைப் பிடித்தான். நின்றது. ஒரு கணம். ஒரு நீண்ட பெருமூச்சு அவன் முகத்தில் சாம்பலாகப் படிந்தது.

பிறகு அவன் கை சுற்றியது.

விட முடியவில்லை. இழுத்தான். இன்னொரு கையால் பிடித்து இழுத்தான். அதுவும் ஒட்டிக்கொண்டது. இரண்டும் சுற்றின. மணிக்கட்டு வரை வலித்தது. அதற்குக் கீழே வலிக்கவில்லை. அங்கே நிறம் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

முட்டிப் பள்ளங்கள் காலடிகளாயின. ஒவ்வொன்றாக வாசலுக்குப் போயின. வாசலில் இருந்த அவன் ஷூக்கள் நிமிர்ந்தன. கயிறு இறுகியது. ஒன்றன் பின் ஒன்றாக மழைக்குள் நடந்து போயின.

கத்தினான். மழை கத்தியது. எதிர்ச் சுவரில் போன் மினுங்கியது. அணையட்டும், யா அல்லாஹ், அது அணைந்து போகட்டும். அணைந்தால் அத்னான் வருவான். லோடு ஆட்டோ வரும். ஊரே பார்க்கட்டும். சிரிக்கட்டும்.

கை சுற்றியது. போன் நூறைத் தொட்டது.

திரையின் மேலே மரியமின் செய்தி இறங்கியது. "பரவால்லியே, ஃபுல் சார்ஜ் காட்டுது. டைனமோ வேலை செய்யுது போல. அங்கியே படுத்துட்ட. சரி, நானும் தூங்குறேன்."

மாடத்தில் பட்டன் போன் ஒருமுறை மினுங்கியது. அதிலும் சார்ஜ் நிறைந்திருந்தது. அதைத் தேடியும் யாரும் வந்திருக்கவில்லை.

லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக் கெஞ்சினான். தன் பெயரைச் சொன்னான், இடத்தைச் சொன்னான், மச்சான் நம்பரைச் சொன்னான். கை முழங்கை வரை சாம்பலாகியிருந்தது. திரையின் மூலையில் ஒருவர் பார்ப்பதாகவே காட்டியது.

அந்த ஒருவர், எண்ணிக்கை பூஜ்யமாகத் தெரியக் கூடாது என்பதற்காக அவனே வேறு பெயரில் கணக்குத் திறந்து, பையில் மாற்று லுங்கிக்கு அடியில் வைத்திருந்த பழைய போன்.