சூடு போன வழி

காலை 7:30. விமானி கர்ட் லிண்டன் தன் சிறு விமானத்தின் விசிறியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, விமானத்தின் மூக்கின் மேல் போர்த்தியிருந்த தடித்த போர்வைக்குள் கையை நுழைத்தான். உடனே வெளியே எடுத்தான்.

"கல்லு," என்றான்.

வெளியே மைனஸ் நாற்பது. அந்தக் குளிரில் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் தார் மாதிரி இறுகிப்போகும். அப்படியே கிளப்பினால் எஞ்சின் தன்னைத்தானே தின்றுவிடும். அதற்காகத்தான் போர்வைக்குள் ஹீட்டர். அது அதிகாலை மூன்று மணியிலிருந்து எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பத்தடி தள்ளி நின்ற காவல் வண்டியின் பின் இருக்கையில் பெர்த்தா நோல்னர் படுத்திருந்தாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஃபேர்பேங்க்ஸ் நகர ஆஸ்பத்திரிக்குப் பறந்தால் ஒரு மணி நேரம். சாலை கிடையாது. ஆம்புலன்ஸ் விமானம் வேறு ஊருக்குப் போயிருந்தது. மதியத்துக்கு முன் வராது.

கேஸ் ஹீட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் குழாயை விமானத்தின் மூக்குக்குள் செருகினார்கள். ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளெமென்ட் பிட்கா கையுறைகூடப் போடாமல் அந்தக் குழாயைப் பிடித்தபடி நின்றார். காற்று சூட்டை அடித்துக்கொண்டு போயிற்று.

10:05. விசிறி சுழன்றது.

பெர்த்தா 9:50-க்கே போய்விட்டாள்.

மதியத்துக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கர்ட் குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். ஹீட்டரைப் போட மறந்திருக்கிறான். இரண்டு வருடமாக அவன் தொடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் தொட்டதும் தெரியும்.

ஊரின் ஒரே காவல்காரி லெனோரா டைட்டஸ். மாலைக்குள் அவள் ஃபேர்பேங்க்ஸுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். 'விமானியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதினால் போதும், கர்டின் லைசென்ஸ் போய்விடும். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

எழுதும் முன் அன்றைய நோட்டைப் புரட்டினாள். 'இரவு 12 மணி, 3 மணி: காவல் வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினேன்.' அவள் கையெழுத்துதான். பச்சைப் பொய்.

ஓடுதளத்தை ஒட்டியிருந்த காவல் அறையின் வெளிச்சுவரில் இருந்த பிளக் பாயின்ட் போன வாரம் எரிந்துவிட்டது. பழுதுபார்க்க அவள் யாரிடமும் சொல்லவில்லை. வண்டிகளுக்கும் எஞ்சின் ஹீட்டர் உண்டு. முன்னால் வால் மாதிரி தொங்கும் ஒயரைச் செருகி வைத்தால்தான் காலையில் கிளம்பும். செருக இடமில்லாததால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டாள். ஆறு நாள் அப்படி. ஏழாவது இரவு எட்டரைக்கு பெஞ்சில் சாய்ந்தவள், காலை ஆறரைக்கு பெர்த்தாவின் கணவர் ஐசக் நோல்னர் போன் செய்து, "பெர்த்தாவைக் கூட்டிட்டுப் போக வண்டி எடுத்துட்டு வா," என்றபோதுதான் கண்ணைத் திறந்தாள். பயந்துகொண்டே போனாள். வண்டிக்கு அடியில் சுருண்டிருந்த சாம்பல் நாயைத் துரத்திவிட்டுச் சாவியைத் திருப்பினாள். கிளம்பிவிட்டது. நகரும்போது ஒரு வெட்டு வெட்டியது. குளிரில் டயர்கள் தரையில் பட்ட பக்கம் தட்டையாக உறைந்துவிடும், முதல் சுற்றில் அப்படித்தான் உதைக்கும். அவள் கண்டுகொள்ளவில்லை.

பெர்த்தாவை ஏற்றியபோது அவள் சொன்னாள்: "வண்டி கதகதன்னு இருக்கு, லெனோ."

12:10. கர்ட் காவல் அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"உனக்குப் போன் எப்ப வந்துச்சு?"

"ரெண்டே முக்காலுக்கு. ஐசக் பேசினாரு. எஞ்சின் சூடாகணும், எட்டு மணிக்குப் பறக்கலாம்னேன்."

"அப்புறம்?"

"பெட்டிக்கு மெசேஜ் போட்டேன். படுத்துட்டேன்."

"எழுந்து வந்து பாக்கல."

"எழுந்து வராம இருக்கத்தான பெட்டியே வாங்கினேன்."

பெட்டி டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். ஓடுதள ஓரக் கம்பத்தில் உள்ள பிளக் பாயின்ட்டில் அதை மாட்டி, அதன் அடியில் விமான ஹீட்டரின் ஒயரைச் செருகியிருந்தான். உள்ளே ஒரு சிம் கார்டு. 'போடு' என்று செய்தி அனுப்பினால் மின்சாரத்தைத் திறந்துவிடும். எவ்வளவு போகிறது என்று பதிலும் அனுப்பும். போன மாதம்தான் வந்தது.

"குடிச்சிருந்தியா?"

"இல்ல."

"ஊரு சொல்லுது."

"சொல்லும். ரெண்டு வருஷமா நாக்கைத் தீட்டிக்கிட்டுக் காத்திருந்த ஊராச்சே." போனை அவள் முன் தள்ளினான். "நீயே பாரு, ஆபீசரம்மா. நான் சத்தியம் பண்ணா நம்பமாட்டே."

3:02: 'ஆன். 1000 வாட்.' 7:32-க்கு, விசிறி அசையாதபோது, நிலைமை கேட்டு அனுப்பியதற்கு வந்த பதில்: 'ஆன். 500 வாட்.'

"ஏன் ரெண்டு நம்பர்?"

"பாதி ஹீட்டர் செத்துப்போச்சு போல. இல்லாட்டி பெட்டி பொய் சொல்லுது. எனக்கென்ன தெரியும்? முன்னெல்லாம் நானே வந்து கையை வெச்சுப் பாப்பேன். என் வீட்டிலேருந்து நானூறு அடி, லெனோ. நானூறு அடி."

12:35. லெனோரா போர்வையை விலக்கிப் பார்த்தாள். ஹீட்டர் முழுதாக எரிந்துகொண்டிருந்தது. அதன் பட்டையில் அச்சடித்திருந்த எண் 500. அப்படியானால் காலை ஏழரைக்குப் பெட்டி சொன்னது சரி. மூன்று மணிக்குச் சொன்னதுதான் இடித்தது. மின்சாரம் போயிருக்கிறது, அதுவும் இரண்டு மடங்கு. ஆனால் விமானத்துக்குப் போகவில்லை.

விமானத்தின் மூக்குக்குக் கீழே சாம்பல் நாய் படுத்திருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத நாய். கர்டின் ஹீட்டர் எரிகிற நாளெல்லாம் அதற்கு அந்த இடம்தான்.

12:50. கிளெமென்ட் பிட்கா கொட்டகையில் பனி தள்ளும் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதன் இருக்கைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் ஒயர்ச் சுருள் தெரிந்தது. வலது கை விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

"விரல் எப்படி இருக்கு, மாமா?"

"எண்ணிப் பாத்தேன். அஞ்சும் இருக்கு."

"ராத்திரி கம்பத்துப் பக்கம் எப்ப வந்தீங்க?"

"ஒம்போதுக்கு. பனியைத் தள்ளிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"கர்டோட ஒயரைத் தொட்டீங்களா?"

"அடுத்தவன் ஒயரை எவனாவது தொடுவானா? துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்துருவான்."

"காலைல எப்ப வந்தீங்க?"

"ஏழுக்கு. எல்லா ஒயரும் அதது இடத்துலதான் இருந்துச்சு."

காலையில் ஒயர் எப்படி இருந்தது என்று அவள் கேட்கவேயில்லை.

கிளெமென்ட் தரையைப் பார்த்தபடி, "நீ தூங்கினியா, பொண்ணே?" என்றார்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். அசந்து தூங்கியிருப்பேன்னு நெனச்சேன்."

1:30. லெனோரா காவல் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். வண்டி முனகியது. மறுபடி திருப்பினாள். நான்காவது தடவை இருமிக்கொண்டு கிளம்பியது. பெர்த்தாவை வீட்டில் இறக்கிவிட்டுப் பத்தேகாலுக்கு நிறுத்திய வண்டி. மூன்றேகால் மணி நேரக் குளிருக்கே இந்தப் பாடு.

காலையில் பத்து மணி நேரம் குளிரில் நின்ற வண்டி, தொட்டதும் கிளம்பியிருந்தது.

அவள் எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடி வழியே விமானம் தெரிந்தது. அதன் மூக்குக்குக் கீழே நாய். சூடு இருக்கிற இடத்தில்தான் அது படுக்கும். காலையில் அது படுத்திருந்தது இவள் வண்டிக்கு அடியில்.

இறங்கி முன்பக்கம் போய்க் குனிந்தாள். வாலாகத் தொங்கும் ஒயர் ஒரு சாண்தான் மிச்சமிருந்தது. நுனியில் செம்புக் கம்பிகள் பிய்ந்து விரிந்திருந்தன. பிளக்கைக் காணோம்.

இடுப்பில் கத்தி இருந்தது. அந்த ஒரு சாணையும் அடியோடு நறுக்கிவிட அரை நிமிடம் ஆகாது. எப்போதோ அறுந்தது என்று சொல்லிவிடலாம். நோட்டிலும் மூன்று மணிக்கு வண்டி ஓடியதாகவே இருக்கிறது. குற்றவாளியை ஊர் ஏற்கெனவே பிடித்துக் கொடுத்துவிட்டது.

கத்தியைக் கையில் எடுத்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எடுத்தாள். அப்புறம் உறையில் போட்டாள்.

2:15. கொட்டகையில் நாலு பேர். கர்டை நேருக்கு நேர் பார்த்துக் கேட்க வேண்டும் என்று ஐசக்கும் வந்திருந்தார். அவருடைய வீட்டில் இந்நேரம் கூட்டம் கூட்டமாக ஆட்கள் சூப்புப் பானையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"கர்ட் ஹீட்டரைப் போட்டான்," என்றாள் லெனோரா. "மூணு மணிக்கே போட்டான். குடிக்கல, மறக்கல. ஆனா அவன் போட்ட கரண்ட் பிளேனுக்குப் போகல. ஆயிரம் வாட் போயிருக்கு. பிளேன் ஹீட்டர் ஐநூறுதான்."

"பின்ன ஆயிரம் எது?" என்றார் ஐசக்.

"என் வண்டி."

அவள் பனி தள்ளும் வண்டியின் கதவைத் திறந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து சுருட்டி வைத்த மஞ்சள் ஒயரை இழுத்தாள். அதன் நுனியில் ஒரு கறுப்பு பிளக் மாட்டிக்கொண்டு பிரியாமல் வந்தது. பிய்ந்த பிளக். அதைச் சுற்றிச் சிவப்பு டேப்.

"இந்த டேப் டிசம்பர்ல நான் சுத்தினது. சொல்லுங்க, மாமா."

கிளெமென்ட் மெழுகு விரல்களை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ஊரில் அடுத்தவன் செருகிய ஒயரை யாரும் தொடுவதில்லை. ஆனால் யாராவது வண்டியைச் செருகாமல் மறந்திருந்தால், வழியில் போகிறவன் சத்தமில்லாமல் செருகிவிட்டுப் போவான். செய்தேன் என்று சொல்லிக்கொள்வது கேவலம். இந்த இரண்டு வழக்கமும் ஒன்றையொன்று இடிக்கும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

"ஒம்போதுக்கு உன் வண்டி அம்மணமா நின்னுச்சு," என்றார் கிளெமென்ட். "ஜன்னல்ல லைட் இல்ல. ஆறு நாளா நீ எழுந்து எழுந்து வர்றதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்னு மஞ்ச ஒயரை நீட்டிக் கொண்டுவந்தேன். கம்பத்துல இன்னொரு பாயின்ட் ஐஸ் பிடிச்சுக் கெடந்துச்சு. நாளைக்கு கர்ட் பறக்கலையே, அவனோடது ஒரு ராத்திரி இல்லாட்டி என்னன்னு அந்தப் பெட்டியிலேருந்து உருவிட்டு உன்னோடதை அதுல சொருகினேன்."

"அந்தப் பெட்டி நான் மெசேஜ் போட்டாத்தான் கரண்ட் விடும்," என்றான் கர்ட்.

"அது எனக்கு எப்படிடா தெரியும்? நீ யாருகிட்ட சொன்னே?"

கர்ட் கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டான்.

"அதனால ஒம்போதுலேருந்து மூணு வரைக்கும் என் வண்டியும் கல்லாத்தான் நின்னிருக்கு," என்றாள் லெனோரா. "பெர்த்தாவுக்காக இவன் மெசேஜ் போட்டதும் என் வண்டி சூடாயிடுச்சு. நான் சொருகவே இல்லைன்னு எனக்குத் தெரியும், அதனால முன்னாடி போய்ப் பாக்காம எடுத்தேன். பிளக் பிச்சுக்கிச்சு. டயர் உதைக்குதுன்னு நெனச்சேன். ஏழு மணிக்கு மாமா வந்து பாத்திருக்காரு. என் பிளக் மஞ்ச ஒயரோட தொங்கியிருக்கு. அதை எடுத்து ஒளிச்சுட்டு, கர்டோட ஒயரைத் திருப்பிச் சொருகிட்டாரு. அதான் ஏழரைக்கு ஐநூறு."

"பெர்த்தா வர்றான்னு தெரியாது," என்றார் கிளெமென்ட். "சத்தியமா தெரியாது. அப்புறம் நீ அவளைக் கூட்டிட்டு வந்தே. சொன்னா மட்டும் எஞ்சின் சூடாயிடுமா?"

"சூடாகாது. ஏழுக்கே சொல்லியிருந்தாலும் அந்த அரை மணி அவளைக் காப்பாத்தியிருக்காது. ஆனா மதியம் இவனைக் குடிகாரன்னு ஊரே பேசினப்போ நீங்களும் அங்கதான் இருந்தீங்க."

கிளெமென்ட் கர்டைப் பார்த்தார். கர்ட் அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான்.

"அறிக்கைல உங்க பேரு இருக்கும், மாமா. ஒயரை மாத்தினதுக்கு மட்டும் இல்ல, மறைச்சதுக்கு." நோட்டை எடுத்து ஐசக்கின் முன்னால் வைத்தாள். "உங்க பேருக்கு மேல என் பேரு இருக்கும். பன்னெண்டுக்கும் மூணுக்கும் வண்டியை ஓடவிட்டேன்னு எழுதியிருக்கேன். பொய். நான் ஒரு தடவை எழுந்திருந்தாலும் அந்த மஞ்ச ஒயரைப் பாத்திருப்பேன். இன்னொண்ணு. மதியம் அந்த ஒரு சாண் ஒயரை நறுக்கிடலாம்னு கத்தியை எடுத்தேன்."

ஐசக் நோட்டைத் திறக்கவில்லை. மஞ்சள் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வண்டி கதகதன்னு இருக்குன்னு அவ சொன்னா," என்றார். "அதுக்கப்புறம் அவ பேசல."

"எனக்குத் தெரியும்," என்றாள் லெனோரா.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்." எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ராத்திரி மைனஸ் நாப்பத்தஞ்சு போகுமாம். நாளைக்குச் சவப்பெட்டியை இடுகாட்டுக்கு ஏத்திட்டுப் போக ஊர்ல வேற வண்டி இல்ல. கிளெமென்ட், அந்த ஒயரை ஒட்டு."

கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

3:10. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கிளெமென்ட் பனியில் மண்டியிட்டு, பிய்ந்த கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். வெளுத்த விரல்கள் பிடிக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். லெனோரா உதவப் போகவில்லை. கர்டும் போகவில்லை. டேப் சுற்றி முடித்ததும் மஞ்சள் ஒயரை மாட்டிக்கொண்டு கம்பத்துக்கு நடந்தார்.

பெட்டியில் கர்டின் ஒயர் இருந்தது. கம்பத்தின் இன்னொரு பாயின்ட்டில் இன்னும் ஐஸ். பச்சை விளக்கு எரிந்தது. நாய் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

கிளெமென்ட் பிளக்கைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

"இதை எங்க சொருகட்டும்?" என்று கேட்டார். கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை கேட்டார்.